வெளிநாட்டு அறக்கட்டளையிடம் கேட்க முன்: யாழ் மாவட்டச் சங்கங்களின் நிர்வாக சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், முன்பள்ளிக் குழுக்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கு,

அன்புடையீர்,

அறக்கட்டளை ஒன்று விண்ணப்பம் கோரியதும் நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி ஓடுகிறீர்கள். அதற்கு முன் பொருளாளரின் காசுப் புத்தகத்தைத் தேடுங்கள். முடிவுத் திகதிக்குச் சில வாரங்களே இருக்கும். அதற்குள் முன்மொழிவை எழுதிவிடலாம். இரண்டு வருடமாகச் செய்யாத கணக்காய்வைச் செய்விக்க முடியாது.

ஆகவே இந்த வருடப் பொதுக்கூட்டத்திலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். பதிவுச் சான்றிதழ், யாப்பு (சங்க விதிகள்), இப்போதைய நிர்வாக சபையைத் தெரிவுசெய்த கூட்டறிக்கை, கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். தமிழ் யாப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஒருதரம் ஆங்கிலத்தில் செய்வித்து வைத்தால் பல விண்ணப்பங்களுக்கு உதவும். ஆங்கிலத்தில் சங்கத்தின் பெயர் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் இருக்கவேண்டும். சான்றிதழில் ழகரத்துக்கு ஓர் எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்தும் இருந்தால், ஒப்புதலான பணமும் வங்கியில் நின்றுவிடும். தலைவரும் பொருளாளரும் கணவன் மனைவியாக இருப்பதும் கேள்வியை எழுப்பும். ஊரில் அது சாதாரணம்தான், ஆனால் வாசிப்பவர் ஊரவர் அல்லர்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்துப் பெறுமதியின் ஏறத்தாழ 5 வீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒவ்வொன்றும் வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் 990-பீஎஃப் படிவத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த வருடம் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற முழுப் பட்டியலும் அதில் உண்டு. கொடைகள் எல்லாம் 5,000 டொலருக்குள் இருந்தால் அங்கே 50,000 கேட்கப் போகாதீர்கள். தாங்களே முன்கூட்டித் தெரிவுசெய்த அமைப்புகளுக்கு மட்டும் கொடுப்போம் என்று குறிக்கும் ஒரு பெட்டியும் அப்படிவத்தில் இருக்கிறது. அதில் அடையாளம் இருந்தால் விண்ணப்பம் எழுதுவது வீண்வேலை. பிரித்தானிய அறக்கட்டளைகள் பலவற்றின் கணக்குகளை அங்குள்ள அறக்கட்டளை ஆணைக்குழுவின் பதிவேட்டில் பார்க்கலாம்.

வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும்போது அமெரிக்க அறக்கட்டளைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் சங்கம் அந்நாட்டுப் பொது அறநிறுவனத்துக்கு ஈடானது என்று ஆவணங்களைப் பார்த்துத் தீர்மானிப்பது. மற்றது, முன்விசாரணை, எழுத்து உடன்படிக்கை, அந்தப் பணத்துக்குத் தனிக்கணக்கு, ஆண்டறிக்கை என்று செலவின் பொறுப்பைத் தானே ஏற்பது. இவற்றைக் கேட்டுக் கடிதங்கள் வரும்போது “எங்களை நம்பவில்லை” என்று சிலர் கோபிக்கிறார்கள். அப்படிக் கேட்பது அறக்கட்டளையின் சட்டக் கடமை. கேட்டதை அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இனிப் பாதீடு. கூடுதலாக வழுக்குவது இங்கேதான். “பயிற்சி – 300,000” என்ற ஒற்றை வரியை யாரும் ஏற்கமாட்டார்கள். 30 பேர், 10 நாள், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சாப்பாடும் தேநீரும் 600, பஸ் காசு 400 என்று பிரித்தால் அதே தொகை நம்பும்படி வரும். நெடுந்தீவில் முன்பள்ளிக்குக் கூரை போடுவதென்றால் யாழ்ப்பாணக் கடை விலை மட்டும் போதாது. லொறிக்கூலி, குறிகட்டுவானில் ஏற்றுக்கூலி, படகுக்கூலி, மறுகரையில் உழவு இயந்திரக்கூலி நான்கையும் விட்டால் அவை உங்கள் கைக்காசில்தான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டட வேலையை வைக்காதீர்கள். மழையும் கடலும் சேர்ந்து வேலைத்திட்ட அட்டவணையைக் குழப்பிவிடும்.

நாணய மாற்று வீதத்தையும் அது எந்தத் திகதிக்குரியது என்பதையும் பாதீட்டின் கீழே எழுதுங்கள். 2022 இல் டொலர் ஏறத்தாழ 360 ரூபாவுக்குப் போனது; 2023 நடுப்பகுதியில் 300 அளவுக்கு இறங்கியது. 10,000 டொலரை 360இல் கணக்கிட்டு 300இல் பெற்றால் 6 இலட்சம் குறையும். குறைந்தால் எந்த வேலையை வெட்டுவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கணக்காய்வுக் கட்டணம், மின்சாரம், தபால் போன்ற நிர்வாகச் செலவை வேறு தலைப்புக்குள் ஒளிக்காமல், அறக்கட்டளை அனுமதிக்கும் வீதத்துக்குள் வெளிப்படையாகக் காட்டுங்கள். மூன்று கடைகளில் எடுத்ததாக இணைக்கும் விலைக்கோரல்கள் மூன்றும் ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில், ஒரே பிழையோடு அச்சாகி வருவதைப் பார்ப்பவர்களுக்கும் கண் இருக்கிறது.

விண்ணப்பத்தில் உங்கள் பிரச்சினை என்ன என்றும் கேட்பார்கள். “கணினி இல்லை” என்பது பிரச்சினை அல்ல, இல்லாத பொருள் மட்டுமே. எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்தில், எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள், ஒரு வருடம் முடிய அதை எப்படி அளப்பீர்கள் என்று எழுதுங்கள்.

இணையப் படிவத்தில் நேரே எழுதாதீர்கள். வேறு கோப்பில் எழுதி, எழுத்தெண்ணிக்கை பார்த்து ஒட்டுங்கள். இடைவெளியும் எண்ணிக்கையில் சேரலாம். முடிவு நேரம் நியூயோர்க்கில் மாலை 5 மணி என்றால், அங்கே கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அந்த நேரம் மின்சாரமும் இணையமும் இருக்கும் என்று நம்பாமல் இரண்டு நாள் முந்தியே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பங்களை எழுதவும் சரிபார்க்கவும் உதவுவோர்,
யாழ்ப்பாணம்