சாண எரிவாயு முயற்சிக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய எமது மாதர் குழு, மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் குழிகளைக் கட்டிக்கொடுக்கும் சிறு தொழிலாக வளர்ந்துள்ளது. அதற்குக் கிடைத்த மானியத்தின் இறுதிக் கணக்கும் இப்போது ஒப்படைக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். ஆயினும் யார் எந்த இடத்தில் எதைச் செய்ததால் அந்தப் பணம் எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வரை வந்து சேர்ந்தது என்று விவரமாக எழுதினால், இதே வழியில் வர நினைக்கும் ஏனைய தோட்டத்துப் பெண்களுக்கும் உதவும் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறோம். உதவியவர்களுள் பலர் தமது பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் எவருடைய பெயரும் இதில் இல்லை.

முதல் நன்றி எமது தோட்ட முகாமையாளருக்கு. தோட்டத்துரைக்கா முதல் நன்றி என்று தொழிற்சங்கத்தில் சிலர் கேட்பார்கள், கேட்கட்டும். தூய எரிசக்திக்கு நிதி தரும் அமைப்புகள், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் பின்தள்ளப்பட்ட சமூகங்களுக்கும் முன்னுரிமை உண்டு என்று அறிவித்தாலும், விண்ணப்பத்தின் நடுவே ஓரிடத்தில் காணி யாருடையது என்ற கேள்வி வந்தே தீரும். அந்த இடத்தில் எங்களால் எழுதக்கூடியது ஒன்றுமில்லை. தோட்டக் காணிகள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை. நான்கைந்து தலைமுறையாக இங்கேயே குடியிருந்தாலும், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் துண்டிலோ மாட்டுப்பட்டியின் ஓரத்திலோ நிரந்தரமாக ஒரு குழி தோண்டிக் கட்டுவதற்கு எங்களில் பெரும்பாலோரிடம் எழுத்திலான உரிமை ஏதுமில்லை.

கூரைமேல் சூரிய மின்தகடு பொருத்தலாமே என்று கேட்டவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம், வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்சார சபைக்கே விற்பதற்கு வழிசெய்தது உண்மை. ஆனால் கூரை தன்னுடையது என்று காட்டக்கூடியவருக்கும் கையில் முதலீட்டுப் பணம் உள்ளவருக்குமே அந்த வழி திறந்தது. லயத்தில் கூரை ஒன்று, அதன்கீழ்க் குடும்பங்கள் பல. எனவே ஒவ்வொரு குடும்பமும் தன் பட்டியோடு சேர்த்து வைத்துக்கொள்ளக்கூடிய சாண எரிவாயுவைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குத் தேவைப்பட்ட ஆட்சேபனையின்மைக் கடிதத்தை முகாமையாளர் தாமே எழுதி, கம்பனியின் தலைமை அலுவலகத்திலும் விடாமல் பேசி முத்திரை பெற்றுத் தந்தார். குடும்பத்தில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றாலும் குழி அந்தக் குடும்பத்துக்கே உரியது என்ற வரியைச் சேர்த்தவரும் அவரே. நாங்கள் அதைக் கேட்கக்கூட நினைத்திருக்கவில்லை. அந்த ஆட்சேபனையின்மைக் கடிதத்தின் பிரதியைப் பார்க்க விரும்பும் குழுக்களுக்கு அதைக் காட்ட அவர் சம்மதித்திருக்கிறார். அதற்காக இன்னொரு நன்றி.

இரண்டாவதாக, ஹட்டனில் கணக்காளராகப் பணிபுரியும் ஐயாவுக்கும், ஆங்கில விண்ணப்பத்தை எங்களோடு உட்கார்ந்து வரி வரியாக எழுதிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கும் கடமைப்பட்டுள்ளோம். கடந்த ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கை கேட்கப்பட்டபோது எங்களிடம் இருந்தது சீட்டுக் கொப்பி ஒன்று மட்டுமே. யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார், யாருக்குச் சீட்டு விழுந்தது, யார் பிந்தினார் என்பதெல்லாம் அதில் பிசகில்லாமல் இருந்தது. கணக்காளர் ஐயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பல கடைகளின் கணக்கை விட இது ஒழுங்காக உள்ளது என்று சொல்லி, அதிலிருந்தே முறையான வரவு செலவுக் கூற்றைத் தயாரித்துக் கொடுத்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. சிறிய குழுக்களிடம் கணக்கு இல்லை என்று முடிவுகட்டுவோர், அந்தக் குழுக்களின் கொப்பிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

மானியம் அனுமதிக்கப்பட்டவுடன் பணம் வந்துவிடும் என்று வெளியிலிருப்போர் நினைப்பதுண்டு. உண்மையில் பல மானியங்களில் வேலை முடிந்து, பற்றுச்சீட்டுகள் பார்க்கப்பட்ட பின்னரே அடுத்த தவணை வரும். அதுவரை சீமெந்தும் செங்கல்லும் மணலும் யார் கொடுப்பது? நாள் சம்பளத்தில் வாழும் பெண்களின் தொழில் பெரும்பாலும் இந்த இடைவெளியிலேயே நின்றுபோகிறது. ஒரு வங்கி எங்களிடம் காணி உறுதி கேட்டது. இல்லாவிட்டால் நிரந்தர அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும் என்றது. பாடசாலை ஆசிரியர்கள் இருவர் தமது சம்பளத்தைப் பணயம் வைத்துக் கையொப்பமிட்டார்கள். கடன் அடைந்து அவர்கள் பிணையிலிருந்து விடுபட்டுவிட்டார்கள் என்பதை இவ்விடத்தில் பகிரங்கமாகவே அறிவிக்கிறோம். அந்தக் கடன் கைக்கு வருமுன் பொகவந்தலாவைக் கடைவீதியின் வன்பொருள் வியாபாரி ஒருவர் சீமெந்து மூடைகளைக் கடன் கொப்பியில் எழுதிக்கொடுத்தார். சீமெந்து விலை ஏறிக்கொண்டிருந்த காலத்திலும் எழுதிய விலையை அவர் மாற்றவில்லை.

மலைநாட்டுக் குளிரில் சாண எரிவாயு சரிவராது என்று சொன்னவர்கள் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. சாணத்தை வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்கள் 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 15 பாகைக்குக் கீழே மிகவும் மந்தமாகிவிடும். நுவரெலியா நகரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகைதான். நாங்கள் அதைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தாலும் தை மாத இரவுகளின் குளிர் எமக்கும் உண்டு. கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்குப் பயிற்சியளித்த பொறியியலாளர், தட்டையான ஊருக்கு வரைந்த படத்தை அப்படியே தந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மாடுகளின் எண்ணிக்கைக்கு வழமையாகக் கட்டுவதை விடக் குழியைப் பெரிதாக்கினால் கரைசல் உள்ளே கூடுதல் நாட்கள் தங்கும் என்றும், குழியின் மேல் வாயு சேரும் குவிமாடத்தை மண்ணால் நன்கு மூடி அதைச் சுற்றிக் குப்பை உரத்தைக் குவித்தால் அந்தச் சூடு உள்ளே செல்லும் என்றும், சாணத்தைக் கரைக்கும் தண்ணீரை வெயிலில் வைத்து மத்தியானத்தில் ஊற்ற வேண்டும் என்றும் அவர் காட்டிக்கொடுத்த முறையிலேயே இன்றும் கட்டுகிறோம். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். இரண்டு மாடுகள் உள்ள வீட்டில் காலைத் தேநீரும் பிள்ளைகளின் சாப்பாடும் வாயுவில் ஆகிவிடுகின்றன. குளிப்பதற்குச் சுடுதண்ணீர் இன்னும் கவ்வாத்து மிளாரில்தான் (வெட்டிவிடும் தேயிலைக் கிளைகளில்) காய்கிறது. இதை மறைத்து எழுதினால் அடுத்து வரும் குடும்பங்களை ஏமாற்றுவதாகும்.

மேசன் வேலையைப் பெண்களுக்குக் கற்றுத்தந்த மஸ்கெலியா மேசன் பாஸுக்கும் எமது வணக்கம். வாயு கசியாமல் குவிமாடத்தின் உட்புறத்தைப் பூசுவதே இத்தொழிலின் கடினமான பகுதி. ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அடுப்பு எரியாது. அவர் எங்கள் பூச்சைப் பலமுறை சுரண்டி எடுக்கச் சொன்னார். அப்போது வந்த கோபம் இப்போது இல்லை.

பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றின் மின் நுகர்வோர் சங்கத்தாருக்கு ஒரு தனி நன்றி. உலக வங்கியும் உலகச் சுற்றாடல் வசதியமும் (GEF) நிதியளித்து 1997இலும் 2002இலும் தொடங்கிய எரிசக்தித் திட்டங்களின் காலத்தில், சிறு ஓடைகளில் கிராம நீர்மின் நிலையங்களை அமைத்துத் தாமே நடத்திய பல சங்கங்களுள் அதுவும் ஒன்று. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், பழுதுபார்ப்பதற்கு எவரும் தரமாட்டார்கள் என்று அவர்கள் முதல் நாளே சொன்னார்கள். மாதாந்தம் வீட்டுக்கு வீடு வாங்கும் சிறு தொகையை வேறெதற்கும் தொடாமல் வைப்பது எப்படி, பணம் கட்டாதவரை அவமானப்படுத்தாமல் கேட்பது எப்படி என்பதையெல்லாம் தமது பழைய கொப்பிகளைத் திறந்து காட்டினார்கள். தேசிய மின்கம்பி ஊருக்கு வந்தபின் தமது சுழலி நின்றுபோன கதையையும் ஒளிக்காமல் சொன்னார்கள். எங்கள் பராமரிப்பு நிதி அவர்கள் தந்த அறிவுரையால் உண்டானது.

நிதி தந்த அமைப்பு தன் பெயர் வேண்டாம் என்றது. எனினும் அது செய்த சிலவற்றை மற்ற நிதியாளர்களும் அறிய வேண்டும். காணி உறுதிக்குப் பதிலாக முகாமையாளரின் கடிதத்தையும் குழுவின் கூட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. நேர்முகத்தைத் தமிழில், வேலை முடிந்த பின் மாலையில் நடத்தியது. நாங்கள் நிலைமையை விளக்கியதன் பேரில் இரண்டாம் தவணையின் ஒரு பகுதியை முன்கூட்டியே விடுவித்தது. இதனால் அதன் விதிகள் ஒன்றும் குலைந்துவிடவில்லை. எங்கள் மக்கள் பின்தங்கியதற்குக் காரணம் பணம் ஒதுக்கப்படாதது அல்ல. 2017இல் ஜி-20 மாநாட்டில் அறிவிக்கப்பட்ட பெண் தொழில்முனைவோர் நிதி முன்னெடுப்பின் பணம் ஆசிய அபிவிருத்தி வங்கி வழியாக இலங்கைக்கும் வந்தது. ஆனால் அது வங்கி வாசல் வழியாகச் செல்லும் பணம். அந்த வாசலில் எங்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை மேலே எழுதியுள்ளோம். சமூகக் குழுக்களுக்கு நேரடியாக மானியம் தருவதில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடைமுறைப்படுத்தும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1994 முதல் இந்நாட்டில் இயங்குகிறது. மற்றக் குழுக்கள் அதை விசாரித்துப் பார்க்கலாம். பிரதேச சபைகளையும் விட்டுவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இந்த விவரத்தை எங்களுக்குச் சொல்லித்தந்த பிரதேச சபை உறுப்பினருக்கும் நன்றி.

உதவி என்று சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளத்தாக்கின் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, 1965இலிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. நாட்டுக்குப் போன அந்த மின்சாரம் ஆற்றங்கரையோரத்து லயங்கள் பலவற்றுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. ஆகையால் தூய எரிசக்தி நிதியை நாங்கள் நன்றியோடு பெறுகிறோம், கூச்சத்தோடு அல்ல.

பிள்ளை மடுவத்தில் நேரம் தாண்டியும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கும், கல் சுமந்த இளைஞர்களுக்கும், பயிற்சி நாட்களில் சமைத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய வீட்டுக்காரர்களுக்கும் (எல்லோரும் அல்லர், அனுப்பியவர்களுக்கு மட்டும்), 2022இல் சமையல் எரிவாயு சிலிண்டர் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நாட்களில் இதை விட்டுவிடாதீர்கள் என்று ஊக்கமளித்த அயலவர்களுக்கும் எமது நன்றி உரியது. குழியிலிருந்து வெளிவரும் கரைசலை லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு இட்டுப் பார்த்து, அதற்கு விலையும் கொடுத்த மரக்கறித் தோட்டக்காரர்களையும் மறக்கவில்லை. அந்தப் பணம் பராமரிப்பு நிதியிலேயே சேர்கிறது.

வரவு செலவுக் கணக்கின் பிரதி பெரட்டுக் களத்து (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்து) அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. விண்ணப்பப் படிவம், ஆட்சேபனையின்மைக் கடிதம், பராமரிப்பு நிதிக்கான விதிகள் ஆகியவற்றின் பிரதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மடுவக் கட்டடத்தில் பார்வையிடலாம். படியெடுக்க விரும்புவோர் போட்டோப் பிரதிக்கான செலவை மட்டும் தந்தால் போதும்.

இவ்வண்ணம்,
மாதர் குழுவினர் சார்பில்,
செயலாளர்,
பொகவந்தலாவை.