உன் மாமாவைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மாமா அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. மறுநாள் மத்தியானமே எடுத்துவிட்டார்கள். மும்பையிலிருந்து ரயிலேறினாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. சபைப் போதகர் ஐயர் வந்து ஆராதனை நடத்தினார், சேகரத்துச் சபைகளின் சனம் முழுக்க வந்திருந்தது. குழி வெட்டுவதில்தான் திண்டாட்டம். நம் தேரியின் செம்மணலில் முந்தின ராத்திரியே குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். மேல்வாயை அகலமாக எடுத்து, சரிவாக இறங்க வேண்டும். அப்போதுதான் சுவர் நிற்கும். ஊரில் எந்தச் சாவு என்றாலும் அதைப் பக்கத்தில் நின்று செய்ய வைத்தவர் உன் மாமாதான். அவருக்கு வெட்டும்போது சொல்ல ஆளில்லை. பையன்கள் காய்ந்த மணலிலேயே இறங்கினார்கள். இடுப்பளவு போனதும் ஒரு பக்கம் சரிந்து, திரும்பத் தோண்ட வேண்டியதாயிற்று.

நினைவு மலருக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். சபை உபதேசியார் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஜெப வீரர், உத்தம ஊழியர், அன்பான குடும்பத் தலைவர். தப்பில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் எந்தச் சபை மூப்பருக்கும் அது பொருந்தும். அவர் செய்த வேலையை எழுது, போதும்.

பங்குனியிலிருந்து ஆடி வரை நாளுக்கு 30 பனைமரம் ஏறுவார், காலையும் மாலையும். பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நுனியை அரிவாளால் தோல் சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு வேளை சீவாமல் விட்டால் முகம் காய்ந்து ஊற்று அடங்கும். ஞாயிற்றுக்கிழமை என்று பனைக்குத் தெரியாது, பார். அதனால் ஓய்வுநாளில் பனையேறலாமா கூடாதா என்று நம் பக்கத்தில் பேச்சு ஓயாது. அவர் வாதத்துக்கே போகமாட்டார். மூன்று மணிக்குப் பனையேறுகிற முருக்குத்தடியும் டார்ச்சுமாகப் புறப்பட்டு, கோயிலில் முதல் மணி அடிக்குமுன் குளித்து வெள்ளை வேட்டியில் நிற்பார். அன்றைய பதநீரில் காய்ச்சின கருப்பட்டி மட்டும் தனி ஓலைப்பெட்டியில் போகும்; அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அது கோயிலுக்கு.

கருப்பட்டி என்றால் மாமியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அவர் இறக்கினார், காய்ச்சியது அவள். சுமார் 8 லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ தேறும். கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, பாகாக இழுத்துக்கொண்டே இருக்கும். கூடிப்போனால் நிறம் கறுத்து நாக்கில் உறைக்கும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டு நுரையை அடக்குவாள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருண்டால் சட்டியை இறக்கி, துடுப்பால் கிண்டிச் சிரட்டையில் ஊற்றுவாள். சீனி கலந்தால் எடை கூடும், வேலையும் குறையும். பலர் செய்தார்கள், அந்த வீட்டில் அது நடக்கவில்லை.

சீசனில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவன் அவன் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். உன் மாமா வாங்கியதில்லை. அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி அடுக்கி வைத்தால் மழையிலும் கருப்பட்டி கசியாது. ஐப்பசி கார்த்திகையில் விலை ஏறினபின் விற்பார். பெரியவளின் டீச்சர் ட்ரெயினிங் ஃபீஸ் அந்தப் பரணிலிருந்து வந்ததுதான். அதுவரை வீட்டில் கஞ்சிக்கே இழுபறி என்பதையும் எழுது. மாமியும் பிள்ளைகளும்தான் அதைத் தாங்கினார்கள்.

கோயிலுக்குக் காணிக்கையாக வருகிற கைப்பிடி அரிசியை அவர் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற பிடியில் பச்சரிசி, புழுங்கல், புதுசு, பழசு, ரேஷன் எல்லாம் கலந்து வரும். கலந்ததை ஏலம் எடுத்தவன் பாடு திண்டாட்டம். ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். அதனால் ஏலம் கேட்க ஆள் குறைந்தது. அவர் கோயில் வாசலில் இரண்டு டிரம் வைத்தார், பச்சைக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று. வண்டு விழாமலிருக்கக் காய்ந்த வேப்பிலை. அளக்கும்போது படியின் தலையைத் தட்டி வழித்து, கொண்டுவந்தவள் கண்ணெதிரே நோட்டில் ஏற்றுவார். அதற்குப் பிறகு ஏலத்தில் சண்டை வந்ததாக யாரும் சொல்லவில்லை.

கோயிலில் ஊருக்கே போடுகிற அசன விருந்துக்கு அவர் கணக்கு இது: 75 கிலோ அரிசி மூட்டைக்கு 500 பேர், ஆட்டுக்கறி 40 கிலோவுக்குக் குறையக் கூடாது. சோற்றை முக்கால் பதத்தில் வடித்துவிட வேண்டும், மீதி குவியலின் சூட்டிலேயே வேகும். ஓலைப்பாயில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. சூட்டோடு உயரமாகக் குவித்து மூடினால் நடுச்சோறு பந்தி முடியுமுன் ஊசிப்போகும். ஒரு வருஷம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டபோது அப்படித்தான் ஆயிற்று. கடைசிப் பந்திக்காரர்களுக்கு வெறும் குழம்புதான் மிஞ்சியது.

குறையும் இருந்தது. யாருக்கும் வேலை சொல்லித் தரமாட்டார், தானே செய்துவிடுவார். அவர் பையனுக்கே பாளை சீவத் தெரியாது. இப்போது அந்த 30 மரமும் சும்மா நிற்கிறது.

அசன நோட்டை மாமி என்னிடம் கொடுத்திருக்கிறாள். மசாலாப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஒரு மூட்டைக்கு மிளகாய், மல்லி எவ்வளவு என்று உன் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், தம்பிக்குக் கூடமாட இருந்து அரைத்தவள்தானே. கேட்டு எழுது. சாமான் லிஸ்ட் ஐப்பசிக்குள் போட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன்