திருச்சி–சென்னை 22 நிமிடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செட்டிநாட்டுக்கு வந்துபோகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட பயண அட்டவணையில் திருச்சி–சென்னை விமானத் தூரம் 293 கி.மீ., நேரம் 22 நிமிடம் என்று இருக்கிறது. தூரம் சரி. நேரத்தை நம்பி யாரும் சென்னையில் அடுத்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். 293 கி.மீ.-ஐ மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்தால் வரும் விடை அது.

இவ்வளவு குறுகிய தடத்தில் எந்த ஜெட்டும் அந்த வேகத்தில் நிலைத்துப் பறக்க முடியாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. என்பது பொதுவான வரம்பு. இறங்குவதற்கு விமானிகள் போடும் கணக்கு, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கி.மீ.). ஜெட் 26,000 அடிவரை ஏறினால், அங்கிருந்து இறங்க 78 கடல் மைல் வேண்டும். திருச்சி–சென்னை மொத்தமே 158 கடல் மைல்தான். பாதித் தூரம் இறங்குவதற்கே போய்விட்டால், மீதியில் பெரும்பகுதி ஏறுவதற்கு. அதனால்தான் மணிக்கு 500 கி.மீ. போகும் ஏடிஆர் என்ற விசிறி விமானம் இந்தத் தடத்தில் ஜெட்டைவிடப் பத்து நிமிடம் போல்தான் பின்தங்குகிறது. விசிறி விமானம் என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

விமானம் காற்றுக்கு எதிரே இறங்கும் என்பதால், சென்னையில் காற்றும் கணக்கை மாற்றும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் 07 ஓடுபாதையில் மேற்கேயிருந்து இறங்குவார்கள். தெற்கிலிருந்து வரும் நமக்கு அது சுற்று குறைவான வழி. தென்மேற்குக் காற்றில் அதே பாதையின் எதிர்த்திசை, அதாவது 25 ஓடுபாதை. கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். வரிசை நீண்டால் வானில் வட்டமடிக்கவும் நேரும்.

டிக்கெட்டில் இருப்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்பது வரையான நேரம். திருச்சியிலிருந்து ஏடிஆரில் அது சுமார் 1 மணி 10 நிமிடம். மதுரையிலிருந்து நேர்த்தூரம் 416 கி.மீ.; கூடுதலாக 123 கி.மீ. இருந்தும் கால் மணி, இருபது நிமிடம்தான் அதிகம்.

ஆகவே எந்த விமான நிலையம் என்பதைச் சாலைதான் முடிவு செய்யும். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களுக்குத் திருச்சியே மேல். திருமயம், புதுக்கோட்டை வழியே போனால் நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே, ஊருக்குள் நுழையுமுன் வந்துவிடுகிறது. மதுரை நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது. மேலூர் வழியாகப் போகிறவர்கள் ஊருக்குள் போகாமல் ரிங் ரோட்டைப் பிடித்து மண்டேலா நகரில் திரும்ப வேண்டும். திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் உள்ளவர்களுக்கு மதுரை சரிப்படும்.

காரைக்குடியிலிருந்து திருச்சி நிலையத்துக்குக் காரில் ஒன்றே முக்கால் மணி, உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவதால் நிலையத்தில் ஒன்றரை மணி, விமானம் 1.10, சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பல்லவன் ரயிலில் ஏழு மணி நேரம் போல் ஆகும். இரண்டு மணி நேர லாபத்துக்கு விமானக் கட்டணமும் கார் வாடகையும் கட்டுமா என்பது அவரவர் கணக்கு. சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது.

அடுத்த பதிப்பில் வகுத்து வந்த நேரத்தை எடுத்துவிட்டு, விமான நிறுவன அட்டவணை நேரத்தைப் போடுங்கள். கூடவே மதுரை–திருச்சி 123 கி.மீ., 9 நிமிடம் என்ற வரியையும் நீக்கிவிடலாம். அந்தத் தடத்தில் பயணிகள் விமானமே ஓடவில்லை.

– வாசகர், காரைக்குடி