லி பெண்களின் நெசவு: ஒரு திருத்தமும் ஒரு கவலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிந்துவரும் கைவினைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சீனாவின் ஹைனான் தீவில் லி இனப் பெண்கள் செய்யும் நெசவு யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 2009இல் அதில் சேர்த்தார்கள் என்பது சரிதான். ஆனால் 2024 டிசம்பரில் பராகுவேயில் கூடிய யுனெஸ்கோ குழு, அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து மரபுக் கலைகளுக்கான பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. ஒரு நல்ல செய்தி விடுபட்டுப் போனதே என்ற ஆதங்கத்தில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும் என்று பட்டது.

நான் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். அப்பாவுடையது குழித்தறி; குழிக்குள் கால் மிதிக்க, மேலே கை, ஊடு நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்டும். லி பெண்ணுக்குக் குழியும் கிடையாது, மரச்சட்டமும் கிடையாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனையைப் பாதங்களால் உந்திப் பிடிக்கிறாள். மறுமுனை இடுப்புப் பட்டையில் கட்டியிருக்கும். முதுகைச் சாய்த்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். அவள் உடம்பே பாதித் தறி. எழுந்தால் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம்.

லி மக்களுக்கு மரபாக எழுத்து கிடையாது. முன்னோர் கதை, வழிபாடு, செய்யக்கூடாதவை எல்லாம் துணியின் கோலத்தில்தான் இருக்கின்றன. லி மக்களின் ஐந்து பேச்சுவழக்குப் பிரிவுகளில் ஒருத்தி எதைச் சேர்ந்தவள் என்பதை அவள் உடுத்தியதை வைத்தே சொல்லலாமாம். தாளில் வரைந்த மாதிரி எதுவும் இல்லை; தாய் வாயால் சொல்லிக் கையால் காட்ட, மகள் மனத்தில் வாங்கிக்கொள்கிறாள். கல்யாண உடையை மணப்பெண்ணே வடிவமைத்துக்கொள்வாள். யாங்சி நதிக்கரை வட்டாரத்துப் பருத்தி நெசவே இவர்களுக்குக் கடன்பட்டது. இன்றைய ஷாங்காயில் உள்ள சோங்ஜியாங்கைச் சேர்ந்த ஹுவாங் தாவோபோ என்ற பெண் ஹைனானில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இவர்களிடம் கற்ற வித்தையோடு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் திரும்பி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஷாங்காயில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

1950களில் இந்த வேலை தெரிந்த பெண்கள் சுமார் 50,000 பேர். 2009இல் 1,000 பேர்கூட இல்லை, அவர்களிலும் பெரும்பாலோர் வயதானவர்கள். இப்போது 20,000ஐத் தாண்டிவிட்டது என்கிறது சீனத் தரப்பு. பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள், பயிற்சிக்கூடங்கள் வந்திருக்கின்றன. மனம் நிறைந்து மகிழ்கிறேன்.

என் கவலை அந்த எண்ணைப் பற்றியது. நூற்பு, சாயம், நெசவு, பூத்தையல் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் இந்தக் கலை. யுனெஸ்கோ பதிவும் நான்கையும் பெயர் சொல்லித்தான் குறிக்கிறது. லி மக்களில் மெய்ஃபு பிரிவுப் பெண்கள் பாவைச் சட்டத்தில் விரித்து, கோலம் விழ வேண்டிய இடங்களில் நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு கட்டை அவிழ்த்து நெய்கிறார்கள். ஒரு கட்டு நெகிழ்ந்தால் அங்கே பூ கலங்கிவிடும். ஹைனானின் பைஷா பக்கத்து ருன் பிரிவுப் பெண்களின் பூத்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. இதெல்லாம் பல வருடம் பழகினால்தான் கைவரும். கடையில் வாங்கிய வண்ண நூலில் ஒரு பூவை நெய்யத் தெரிந்த சிறுமியையும், பஞ்சிலிருந்து தொடங்கி முழு உடையை முடிக்கிற பாட்டியையும் ஒரே கணக்கில் எழுதினால், பாட்டி போன பிறகும் எண்ணிக்கை குறையாது. குறைந்தது என்ன என்று யாருக்கும் தெரியவும் போகாது. எங்கள் தெருவில் அதைத்தான் பார்த்தேன். தறிகள் இருந்தன, நெய்தவர்களும் இருந்தார்கள். சாயம் காய்ச்சத் தெரிந்த கடைசிப் பெரியவர் இறந்தபோதுதான், அவரிடம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுங்கள். இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, எத்தனை பேர் நெய்கிறார்கள் என்பதோடு, நான்கு வேலையும் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் இப்போது யார் கற்கிறார்கள் என்றும் விசாரித்து எழுதுங்கள்.

ஹைனானுக்குச் சுற்றுலா போகும் வாசகர்களுக்கும் ஒன்று. லி கோலங்களை இயந்திரத்தில் போட்ட துணியும் அங்கே கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததாக இருந்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் நெய்தது என்று தெரிந்தால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பரமக்குடி