டர்பனின் மண்ணுள் வாழும் பாம்பு

அன்புள்ள முத்துசாமிக்கு,

உன் மகனுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலை கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. அங்குள்ள கொடிய நச்சுப் பாம்பான கறுப்பு மாம்பாவை நினைத்து உன் வீட்டில் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். மாம்பா மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். என்னைக் கேட்டால், அரை மீட்டர் நீளமே உள்ள ஸ்டிலெட்டோ பாம்பைப் பற்றித்தான் அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

1849-இல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்த இந்த இனத்தின் அறிவியல் பெயர் அட்ராக்டாஸ்பிஸ் பிப்ரோனி. கருமையும் வழவழப்புமான உடல், மிகச் சிறிய கண்கள், கழுத்தென்று பிரித்தறிய முடியாத தலை. பார்த்தால் பரம சாது. மண்ணுக்குள்ளேயே காலம் கழிக்கும் இது, மழை பெய்த இரவுகளில் மேலே வரும்.

குறுகிய வளைக்குள் வாயைப் பிளந்து கொத்த இடமில்லை அல்லவா? அதனால் வாயைத் திறக்காமலேயே, தலைக்குப் பொருந்தாத நீளமுள்ள நச்சுப்பல் ஒன்றை உதட்டோரமாக வெளியே நீட்டி, இரையின் உடலில் பக்கவாட்டில் குத்திப் பின்னோக்கி இழுக்கிறது. எலிக்குஞ்சுகள் கிடக்கும் வளைக்குள் நுழைந்தால் அவற்றை இப்படி ஒவ்வொன்றாகக் குத்திக் கொல்லும். இந்த வசதிக்கு அது கொடுத்த விலையும் உண்டு: மற்றப் பற்கள் ஏறக்குறைய இல்லாமற்போனதால், இரையை விழுங்க அது படும் பாடு கொஞ்சமல்ல.

பாம்பு பிடிப்பவர்கள் வழக்கமாகத் தலைக்குப் பின்னால் பிடிப்பார்களே, அந்தப் பிடி இதனிடம் செல்லாது. பல் பக்கவாட்டில் வந்து விரலில் இறங்கிவிடும். சாதுவான வேறொரு பாம்பென்று கருதிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் பலர். கடித்த இடம் கடுமையாக வலித்து வீங்கும். கொப்புளம் கண்டு சதை அழுகி, விரலையே எடுக்க நேர்வதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து இதற்குப் பயன்படாது.

இதே பேரினத்தின் இன்னொரு பாம்பு சாக்கடலை ஒட்டிய ஏன்கெதி பகுதியில் வாழ்கிறது. இதயத்தின் குழாய்களைச் சுருங்கச் செய்யும் அதன் நஞ்சிலிருந்து, 21 அமினோ அமிலங்கள் கொண்ட சாரஃபோடாக்சின் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் இரத்தக் குழாய்ச் சுவரே சுரக்கும் எண்டோதீலின் என்னும் பொருளை 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தபோது, இரண்டின் அமைப்பும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருப்பது தெரியவந்தது. இத்தனை ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கே இதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

மழை இரவுகளில் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்க வேண்டாம் என்று மகனிடம் சொல். எந்தச் சிறு கறுப்புப் பாம்பையும் கையால் தொடாமல், பாம்பு பிடிப்பவரை அழைக்கட்டும். கடிபட்டால் கட்டுப் போடுவதோ கீறிவிடுவதோ கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
சங்கரன்