மீட்டெடுக்க எத்தனை மணி நேரம் ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நிறுவனம் ஒன்றின் கணினிச் சேவை முடங்கும்போதெல்லாம் அதன் பேச்சாளர் முதலில் சொல்லும் சமாதானம், ‘தரவுகளுக்குக் காப்புநகல் இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டியதில்லை’ என்பதுதான். படிக்கும் நாமும் நிம்மதியடைந்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரில், நிறுவனங்களின் கணினிகளை வைத்துப் பராமரிக்கும் தரவு நிலையங்களில், காப்புநகல் எடுக்கும் பேக்கப் வேலையே பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்தச் சமாதானத்தில் எவ்வளவு சொல்லப்படாமல் விடப்படுகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, எடுத்துச்சொல்ல விரும்புகிறேன். இரவுதோறும் நகல் எடுப்பதற்கு நிறுவனங்கள் தாராளமாகச் செலவு செய்கின்றன. அந்த நகலிலிருந்து வேலையை மறுபடி ஓடவைக்க முடியுமா, முடிந்தால் எத்தனை மணி நேரத்தில் என்று கேட்கத்தான் ஆள் இருப்பதில்லை.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகலில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரவு நிலையம் ஒன்றில் மேம்பாட்டுப் பணி நடந்துகொண்டிருந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான சமிக்ஞை அனுப்பிவிட்டார். கணினிக் கூடங்களில் வெப்பம் ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் நின்றன. ஏறத்தாழ 25 லட்சம் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போனதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதில் பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. இரு வங்கிகளிடமும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. இரண்டும் தங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தை உடனே முடுக்கியும் விட்டன. ஆனால் ஒன்றில் கணினி வலையமைப்பின் அமைப்புகளைத் தவறாகப் பதிந்திருந்ததும் மற்றொன்றில் இணைப்புக் கோளாறும் குறுக்கிட்டதால், மாற்று நிலையத்தில் சேவைகளை முழுமையாக எழுப்ப முடியவில்லை. முக்கியச் சேவைகள் எந்த 12 மாத காலத்திலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் முன்னறிவிப்பின்றி முடங்கக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. இவ்வளவு கடுமையான விதியின் கீழ் இயங்கும் வங்கிகளுக்கே அந்தக் கதி என்றால், அப்படி ஒரு விதியே இல்லாத துறைகளின் நிலையை நான் விளக்கத் தேவையில்லை.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், தீவின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு நிறுவனத்தில் காந்த நாடாக்களை மாற்றுவது என் பொறுப்பாக இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் முந்தைய இரவின் நாடாக்களை எடுத்து, பட்டைக்குறியீட்டை ஏட்டில் பதிந்து, பூட்டுப்போட்ட பெட்டியில் அடுக்கி, வெளியே பாதுகாக்கும் நிறுவனத்தின் வேன் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பேன். திரையில் வேலைகள் எல்லாம் பச்சையாகவே தெரியும். ஏழு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவின் தரவுத்தளம் பழுதானபோது நாடாவை வரவழைத்துப் போட்டால், அந்தத் தரவுத்தளக் கோப்புகள் மட்டும் அதில் இல்லை. இரவில் தரவுத்தளம் திறந்திருந்ததால் நகலெடுக்கும் மென்பொருள் அந்தக் கோப்புகளைத் தாண்டிப் போயிருக்கிறது. போனதோடு நில்லாமல் ‘வெற்றி, சில எச்சரிக்கைகளுடன்’ என்று அறிக்கையும் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சில எச்சரிக்கைகளை ஏழு மாதமாக நான் உட்பட ஒருவரும் திறந்து படிக்கவில்லை. ‘தம்பி, டேப் இருக்குன்னு தினமும் எழுதுறியே, டேப்புல என்ன இருக்குன்னு என்னிக்காவது பாத்தியா?’ என்று என் மேற்பார்வையாளர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு எழுத்தர்கள் மூன்று வாரம் உட்கார்ந்து, காகித ரசீதுகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

இது அனுபவமில்லாத ஓர் இளைஞனின் அசட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மென்பொருள் வல்லுநர்களுக்காகவே இயங்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் தேதி பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் கட்டளை கொடுத்து ஏறக்குறைய 300 கிகாபைட் தரவை அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடினால் அது இல்லை. நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அந்த வேலை நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களையோ அவர்களுடைய அஞ்சல் அமைப்பே நிராகரித்துவிட்டது. வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. நடந்தது அத்தனையையும் அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் நமக்கு இது தெரிகிறது. அந்த நேர்மை எல்லாருக்கும் வருவதில்லை.

பேரிடர் மீட்பைத் திட்டமிடுவோர் இரண்டு அளவுகளை முதலில் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நேரத் தரவை இழந்தால் நிறுவனம் தாங்கும் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் சேவை இல்லாமல் தாங்கும் என்பது மற்றொன்று. இவை கணினிப் பிரிவு எடுக்கும் முடிவுகள் அல்ல. சம்பளப் பட்டியல் ஒரு நாள் பின்தங்கலாம், மருந்துக் குறிப்பு ஐந்து நிமிடம்கூடப் பின்தங்கக்கூடாது என்பதை அந்தந்தப் பிரிவின் தலைவர்தான் சொல்ல முடியும். எல்லாப் பிரிவுகளும் ‘எங்களுக்கு உடனே வேண்டும்’ என்றுதான் தொடங்கும். அதற்கு ஆகும் செலவைக் காட்டினால் பாதிப் பேர் நாளை காலை போதும் என்பார்கள்.

அதன்பின் கூட்டல் பெருக்கல் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு நிறுவனத்திடம் 100 டெராபைட் தரவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவுதோறும் மாறியதை மட்டும் நகலெடுப்பதால் அந்த வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாரும் அந்த வேகத்துக்கே பழகிவிடுகிறார்கள். பேரிடர் நாளில் முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒரு நொடிகூடத் தளராமல் முழு வேகத்தில் ஓடினாலும் 100 டெராபைட் வந்துசேர 22 மணி நேரம் பிடிக்கும். நடைமுறையில் எந்த இணைப்பும் அப்படி ஓடுவதில்லை. கிட்லேப் நிறுவனத்திலும், இருந்த அந்த ஒரு நகலை வேகம் குறைந்த வட்டுகளிலிருந்து இடம்மாற்றவே சுமார் 18 மணி நேரம் ஆனது. நான்கு மணி நேரத்தில் மீள்வோம் என்று கோப்பில் எழுதிவிட்டு 22 மணி நேரம் பிடிக்கும் இணைப்பை வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘எங்கள் தரவு அந்தந்த நொடியே இன்னோர் இடத்திலும் பதிவாகிறது, தனியாகப் பேக்கப் எதற்கு?’ என்று கேட்கும் நிர்வாகிகளும் உண்டு. கட்டடம் எரிந்தால் அந்த ஏற்பாடு காப்பாற்றும். ஆனால் ஓர் ஊழியர் தவறாக அழித்தால் அந்த அழிப்பும் அந்த நொடியே அங்கே போய்ச் சேரும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற தீய மென்பொருளின் தாக்குதலில் சிக்கிய மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில், ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் வைத்திருந்த சுமார் 150 சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஏதாவது ஒன்று மிஞ்சும் என்பது அவர்களின் நம்பிக்கை. எல்லாம் ஒருசேர அழிந்தன. கானாவில் மின்தடையால் இணைப்பு அறுந்து கிடந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது, அதை வைத்துத்தான் மீண்டார்கள் என்று பின்னர் செய்தி வந்தது. மின்தடையை நம்பித் திட்டம் போட முடியாது. ஆகவேதான் குறைந்தது ஒரு நகலாவது இணைப்பிலிருந்து விலகி, குறித்த காலம்வரை எவராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத வகையில், வேறு கடவுச்சொற்களின் கீழ் இருக்க வேண்டும் என்கிறோம். பழையது என்று பலர் கேலி செய்யும் காந்த நாடா இந்த வேலைக்கு இன்றும் ஏற்றது. அலமாரியில் கிடக்கும் நாடாவுக்குள் எந்தத் திருடனும் வலையமைப்பு வழியாக நுழைய முடியாது.

மறுபுறம், ‘அளவு பெரிது, நகலெடுக்க இயலாது’ என்ற சாக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தென்கொரியா கண்டது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலன்கள் தீப்பற்றியதில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியே ஒரு நகலும் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. மின்கலன் தீ நமக்கும் புதிதல்ல. 2024 செப்டம்பரில் லோயாங் வட்டாரத் தரவு நிலையத்தில் பற்றிய தீ பலருடைய சேவைகளைப் பாதித்தது.

நம் நாட்டுக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. தீவு சிறியது, லோயாங்கில் ஒன்றும் ஜூரோங்கில் ஒன்றுமாக நிலையங்களை வைத்தாலும் இரண்டும் ஒரே மின்கட்டமைப்பை நம்பியிருக்கின்றன. தூரம் குறைவாக இருப்பதால் இரு இடங்களிலும் ஒரே நேரத்தில் எழுதுவது இங்கே எளிது. அந்த வசதியே மூன்றாவது நகலைப் பற்றி யோசிக்கவிடாமல் செய்துவிடுகிறது. வெளிநாட்டில் ஒரு நகல் வைப்பதென்றால், இங்குள்ளதற்கு நிகரான பாதுகாப்பு அங்கும் இருப்பதைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உறுதிசெய்ய வேண்டும். செய்ய முடியாத காரியமல்ல, ஆனால் வழக்கறிஞர்களுடன் சில மாதங்கள் ஆகும். அந்தச் சில மாதங்களுக்கு அஞ்சியே பல திட்டங்கள் கிடப்பில் போய்விடுகின்றன.

இத்தனைக்கும் மேலானது ஒத்திகை. நான் கலந்துகொண்ட முதல் முழு ஒத்திகை ஒரு சனிக்கிழமை இரவு நடந்தது. மாற்று நிலையத்தின் வாசலில் காவலரின் பட்டியலில் எங்கள் இருவரில் ஒருவர் பெயர்தான் இருந்தது. அவர் மட்டும் உள்ளே போனார். மீட்புக் கையேட்டைத் திறக்கலாமென்றால், அது எரிந்துவிட்டதாக நாங்களே பாவித்துக்கொண்ட சர்வரில் இருந்தது. பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த நகலைத் திறக்கும் கணினிச் சாவியும் அங்கேயே இருந்தது. அவசரத் தொலைபேசிப் பட்டியலில் முதல் பெயருக்குரியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். விடியும்வரை ஒரு கோப்பைக்கூட நாங்கள் மீட்கவில்லை. நிர்வாகத்துக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. எனக்கோ, அந்த ஆண்டு அந்த நிறுவனம் செலவிட்ட பணத்தில் அதைவிடப் பயனுள்ளது இருந்ததாகத் தோன்றவில்லை. அதன்பிறகுதான் கையேட்டைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு இடங்களில் பூட்டிவைத்தோம். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசையையும் எழுதினோம்: முதலில் வலையமைப்பு, அடுத்து ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர், அடுத்து தரவுத்தளங்கள், பிறகே மின்னஞ்சல். மின்னஞ்சலைக் கடைசியில் போட்டதற்கு மேலதிகாரிகளிடம் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

பெற்றோர் பலருக்கும் இந்த விவகாரம் வீட்டுக்கே வந்து போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில், மாணவர்களின் கற்றல் சாதனங்களை நிர்வகிக்கும் மொபைல் கார்டியன் செயலி ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. வேறோர் இடத்திலும் பாடக்குறிப்புகளைச் சேமித்திருந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். மற்றவர்கள் தேர்வுக்கு முன் நண்பர்களின் குறிப்பேடுகளைக் கேட்டு அலைந்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. பொதுமக்களின் பணத்தையோ மருத்துவக் குறிப்புகளையோ கல்விப் பதிவுகளையோ கையாளும் பெரிய நிறுவனங்கள், தங்கள் ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்க்கட்டும்: கடைசியாக எந்தத் தேதியில் முழு மீட்பு ஒத்திகை நடத்தினோம், எத்தனை டெராபைட்டை மீட்டோம், எத்தனை மணி நேரம் ஆனது. பாதுகாப்பு இரகசியம் என்று இதை மறுக்க முடியாது. இந்த மூன்று எண்களை வைத்து எந்த ஊடுருவியும் எதையும் செய்துவிட முடியாது. உங்கள் நிருபர்களும் அடுத்த முறை ‘காப்புநகல் இருக்கிறது’ என்று ஒரு பேச்சாளர் சொல்லும்போது, அந்தத் தேதியைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தரவு நிலைய ஊழியர்,
ஈசூன், சிங்கப்பூர்