கரைக்குச் சொல்லிட்டுப் போ

பாப்பா,

மே மாசம் உத்தரகாண்ட் மலைக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். இந்தத் தடவை வழிகாட்டியோடு, அடுத்த வருஷம் தோழிகளோடு நீங்களே வழி பார்த்துப் போக ஆசை என்றும் சொன்னாள். தடுக்க மாட்டேன். காசிமேட்டில் லாஞ்சு ஓட்டியவன், மகளைப் பார்த்து வீட்டிலேயே இரு என்று சொல்வது நியாயமாகாது. மலை எனக்குத் தெரியாது. ஆனால் நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற இடத்தில் நின்று, "இப்போ எங்க இருக்கேன்" என்று கேட்டுக்கொள்வது எனக்கு நன்றாகத் தெரியும். நீ வீட்டில் விட்டுப்போன பயிற்சிக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நாங்கள் கடலில் செய்வதுதான்.

உன் தாத்தா கட்டுமரத்தில் போன காலத்தில் ஜிபிஎஸ் பெட்டி ஏது? இருந்தும் மீன் கிடைத்த பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, மறுநாளும் சரியாகப் போய் நிற்பார். கரையில் ரெண்டு அடையாளம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒரே கோட்டில் வரணும். வேறொரு பக்கம் இன்னும் ரெண்டு அடையாளம் அதே மாதிரி வரணும். ரெண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் அவர் தேடுகிற இடம். கோயில் கோபுரம், சர்ச் கோபுரம், கலங்கரை விளக்கம், பிற்பாடு எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இதையெல்லாம் மனசிலேயே வைத்திருந்தார்.

நீ காம்பஸையும் வரைபடத்தையும் வைத்துச் செய்யப்போவதும் இதேதான். சந்தேகமில்லாமல் தெரிந்த ரெண்டு சிகரத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் எத்தனை பாகையில் (டிகிரியில்) நிற்கிறது என்று குறித்துக்கொள். அதோடு 180 கூட்டு. 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழி. வரைபடத்தில் அந்தச் சிகரத்திலிருந்து அந்தப் பாகையில் கோடு இழு. ரெண்டு கோடும் சேருகிற இடத்தில் நீ நிற்கிறாய். மூணாவது சிகரம் தெரிந்தால் அதையும் போட்டுப் பார். சின்ன முக்கோணமாக விழுந்தால் சரி. பெரிய முக்கோணம் விழுந்தால் ஏதோ ஒரு மலையைத் தப்பாகப் பிடித்திருக்கிறாய், முதலிலிருந்து பார். காம்பஸ் பக்கத்தில் போனோ இரும்போ இருக்கக் கூடாது. முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. சென்னையில் அது 2 பாகைக்குள்தான். போகிற ஊருக்கு எவ்வளவு என்று கிளம்பும் முன்னாலேயே பார்த்துவிடு.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். ஆனால் மலையில் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடாதே. நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1892-லேயே ஒரு கணக்கு சொல்லிவிட்டார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். மூட்டையும் உயரமும் சேர்ந்தால் அதுவும் போதாது. வழி தொலைந்த பிறகு தேடுவது பெரும்பாடு; அரைமணிக்கு ஒரு தடவை தரையையும் வரைபடத்தையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே போவது சுலபம். அப்படியே நின்று திரும்பியும் பார். போகும்போது பார்த்த பாதை வரும்போது வேறு பாதை மாதிரி இருக்கும்.

ராத்திரி வானம் தெளிவாக இருந்தால், வடக்கு தெரிய துருவ நட்சத்திரத்தைப் பார். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நம்ம கடற்கரையில் அது 13 பாகை உயரத்தில், ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, பனிமூட்டத்தில் கண்ணுக்கே படாமல் இருக்கும். உத்தரகாசியில் மூணு முஷ்டி உயரத்தில் நிற்கும். அங்கே போய் ஒரு தடவை அளந்து பார்த்துச் சொல்.

போனில் ஜிபிஎஸ் வேலை செய்ய டவர் வேண்டியதில்லை. வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உடுப்புக்குள்ளே, உடம்போடு வைத்துக்கொள். ஆனால் டவர் இல்லாத இடத்தில் ஆபத்து என்றால் அந்தப் போன் யாரையும் கூப்பிடாது. எங்களுக்கு இஸ்ரோ செய்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போய்விடும். மலையேறுகிறவர்கள் அனுமதி வாங்காமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தாலும் வாங்காதே.

அதனால்தான் கரைக்குச் சொல்லிட்டுப் போகணும் என்கிறேன். எந்தப் படகு எப்போ போச்சு, எத்தனை பேர், எந்தப் பக்கம், எப்போ திரும்பணும் என்பது கரையில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கும். திரும்பலையென்றால் தேடுவதற்கு அதுதான் ஆரம்பம். வனத்துறை அனுமதியையும் இப்படித்தான் பார்க்கணும். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்ம சென்னையிலிருந்து போன பிள்ளைகளும் அதில் உண்டு. காய்ந்த புல், காற்று, சரிவு மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி மனுஷன் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அனுமதி வாங்கினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே ஒருத்தருக்குத் தெரியும். போகக் கூடாத காலத்தில் போகாதே என்று சொல்லவும் ஆள் இருக்கும். 2024-ல் அரசு 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியது. பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. ஊருக்கு வரும்போது அங்கே போய் காம்பஸ் பழகு, நானும் வருகிறேன்.

வழி தவறிவிட்டது என்று தோன்றியதும் நில். உட்கார், தண்ணீர் குடி. கடலில் இன்ஜின் நின்றுபோனால் நாங்கள் நங்கூரம் போடுவோம். படகை விட்டு இறங்கி நீந்தினவர்கள்தான் கிடைக்காமல் போனார்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், இருட்டில் அதை நம்பாதே. ஓடை அருவியாக விழுகிற இடமும் உண்டு. நிமிஷத்துக்கு ஆறு தடவை விசில் ஊது, ஒரு நிமிஷம் நிறுத்து, மறுபடி ஊது. மலையில் அதுதான் ஆபத்துக் குரல். மூணு தடவை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள்.

பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உள்ளாடையில்கூட வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்த ஆள் சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்திப் பேச்சுக் குழறினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலி, வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால் ராத்திரியானாலும், துணைக்கு ஆள் வைத்துக் கீழே இறக்கணும்.

காலையிலேயே திரும்புகிற நேரத்தைப் பேசி வைத்துவிடுங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் கடலுக்குப் போகாதவனைக் காசிமேட்டில் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. மலையில் பணம் கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிகிறது என்கிற நினைப்பே இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்கிறேன். பேசின நேரம் வந்ததும் திரும்பு, உச்சி நூறு அடியில் இருந்தாலும்.

உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நாலு வாரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷம் வழிகாட்டி இல்லாமல் போவதற்கு முன்னால் அதில் சேர். பணத்தைப் பற்றி யோசிக்காதே.

இப்போ எனக்கு நாலு விவரம் வேண்டும்: எந்த வழி, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்கல், கூட வருகிறவர்கள் வீட்டு நம்பர், எந்த நாள் எத்தனை மணிக்குள் கீழே இறங்கிப் போன் பண்ணுவாய். அந்த மணி தாண்டினால் நான் முதலில் யாரைக் கூப்பிடணும் என்றும் எழுது. வாட்ஸ்அப்பில் போதும். அம்மாவுக்கும் தனியாக அனுப்பு. விசில் வாங்கும்போது உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்கு. குளிரில் உருண்டை உறைந்து ஒட்டிக்கொள்ளுமாம்.

அப்பா
காசிமேடு